பத்தாம் நம்பர் பனியன்

இப்படி நகர்ந்து உக்காருங்க சார். அந்தப் படியில பெயின்ட் இன்னும் காயல. நேத்து சாயங்காலம்தான் அடிச்சானுங்க. பாராட்டு விழாவுக்கு சாலமன் வர்றான்னா இந்தக் கிரவுண்டுக்கே பவுடர் போட்டுப் பொட்டு வெப்பானுங்க. மத்த நாள்ல இங்க மாடு படுத்திருக்கும்.

உங்களை அப்பவே பாத்துட்டேன். மேடைக்குப் பின்னாடி அவன்கூடப் பேசிக்கினு இருந்தீங்க. பேச்சு நடுவுல அவன் இந்தப் பக்கமாக் கையைக் காட்டினான். நீங்களும் பையை மாட்டிக்கினு கிரவுண்டைச் சுத்தி நேரா என்கிட்ட வந்துட்டீங்க. இன்னா, அவன் பெருமையை என் வாயாலயே கேட்டுக்கினு வரச் சொன்னானா?

இல்லையா? சரி, இல்லன்னே வெச்சிக்குவோம்.

ஓ, இந்தியாவோட சின்னப் பசங்க டீமுங்க வெளிநாட்டுல ஆடின ஆட்டத்தை எல்லாம் தேடிச் சேக்கறவரா நீங்க? யார் ஆடினான், யார் கோல் போட்டான், எத்தனாவது நிமிஷம், எல்லாத்தையுமா? நல்ல வேலைதான். வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?

அப்ப எங்க டீமும் உங்ககிட்ட இருக்கும். பத்தொம்பது வயசுக்குள்ள பசங்க, பாங்காக் போன ஃபுட்பால் டீமு. மூணு மேட்ச். மூணுலயும் தோல்வி. வாங்கினது பதினாலு, போட்டது ஒண்ணு. சரியா? அந்த ஒண்ணுக்கு நேரா யார் பேரு இருக்கு? தெரியும் சார், எனக்குத் தெரியாதா. உங்க வாயால வரட்டும்னு கேட்டேன். எஸ். சாலமன். எழுபத்தோராவது நிமிஷம்.

அது என் கோல் சார்.

என் பேரு எத்திராஜ். அவனுக்கும் எனக்கும் ஒரே தெரு, இதோ இந்த வியாசர்பாடிதான். வயசுல அவனை விட நான் மூணு மாசம் பெரியவன். இப்ப கூட்ஸ் ஷெட் ரோட்ல வெல்டிங் பட்டறை வெச்சிருக்கேன். யாரையாவது நிறுத்தி எத்திராஜ் யாருன்னு கேளுங்க, இரும்பு கேட்டு அடிக்கிறவர்னு சொல்லுவானுங்க. சாலமன் யாருன்னு கேளுங்க. அதோ அந்த பேனரைப் படிங்க. 'அந்நிய மண்ணில் கோல் போட்ட எங்கள் சிங்கம்.' சிங்கம்! எலியைப் பாத்தா பெஞ்சு மேல ஏறுவான் சார் அவன். என் கண்ணால பாத்திருக்கேன்.

பொறாமைன்னு நினைச்சுக்காதீங்க. பொறாமை வேற, நியாயம் வேற. பொறாமைப்பட அவன்கிட்ட இன்னா இருக்கு? தலைக்கு டை. பல்லு ரெண்டு கட்டினது. அந்தச் சட்டையைப் பாருங்க, மஞ்சள். அறுபது வயசுல எவனாவது அந்த மஞ்சளைப் போடுவானா? அவனுக்கு எடுப்பாத்தான் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா போடலாமா?

பாருங்க பாருங்க, சால்வை போடறானுங்க. இது மூணாவது. அத்தனையும் வாங்கி வீட்ல இன்னா பண்ணுவான்? ஜன்னலுக்கு மாட்டுவானா? எனக்கு ஒரு துண்டு போட்டிருப்பானுங்களா இந்த நாப்பத்தோரு வருஷத்துல? நான் வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாம் இந்தப் படியிலதான் உக்காந்திருக்கேன். இந்தப் படியிலேர்ந்து அந்த மேடைக்கு எத்தனை அடி இருக்கும்? எவனுக்கும் கண்ணு தெரியல.

சரி, ஆட்டத்துக்கு வர்றேன்.

உங்களுக்கு முதல்ல ஒண்ணு சொல்லணும், இல்லன்னா மேட்டர் புரியாது. எங்க ஏரியா கிளப்புல இந்தப் பனியன் இன்னாருக்குன்னு கிடையாது. பதினாலு பனியன் ஒரே மூட்டையா வண்ணார் வீட்லேர்ந்து வரும். ஆட்டத்துக்கு முன்னாடி மூட்டையை அவுத்துத் தரையில கொட்டுவோம். எவன் கைக்கு எது வருதோ அது அவனுக்கு. இந்த வாரம் நான் ரெண்டாம் நம்பர், அடுத்த வாரம் ஏழு. ஆனா பத்தை மட்டும் எவனும் தொட மாட்டான். போன மேட்ச்ல யாரு கோல் போட்டானோ அவனுக்குன்னு தனியா எடுத்து வெப்பானுங்க. வருஷத்துக்கு முப்பது மேட்ச் ஆடினா இருபத்தஞ்சுல பத்து என் முதுகுலதான் இருக்கும். சாலமன் பந்து எடுத்துக் குடுக்கிறவன். நான் போடறவன். அவ்ளோதான் வித்தியாசம். பந்தைக் குடுக்கிறது பெரிய விஷயமா சார்? கால் இருக்கறவன் எவனும் குடுக்கலாம்.

அப்படி இருக்கும்போதுதான் இந்தியா டீமுக்கு ஆள் எடுத்தாங்க. ஒரே தெருவுல ரெண்டு பேரு! தெரு முனையில போர்டு வெச்சானுங்க. அதுல யார் பேரு மேல? சாலமன், எத்திராஜ். ஏன்டா, அகர வரிசையில பாத்தாலும் எ முதல்ல வருமா, ச முதல்ல வருமா? கேட்டேன். "சும்மா இரு எத்தி, ரெண்டும் ஒண்ணுதானே"ன்னான் சாலமன். மேல இருக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

கேம்ப்ல பதினெட்டு பேரு. எங்களைத் தவிர தமிழ் பேசறவன் கிடையாது. மேனேஜர் வடக்கத்தி ஆளு, பேரெல்லாம் வாயில நுழையாது. எங்க ரெண்டு பேரையும் மதராசின்னுதான் கூப்பிடுவாரு. ஒரு மதராசியைக் கூப்பிட்டா ரெண்டு மதராசியும் ஓடுவோம். அவருக்கு இடுப்பு வலி. அவர் பெட்டியை சாலமன்தான் தூக்கிக்கினு போவான். ஏன்டா தூக்கறேன்னா, "வயசானவர் மச்சான்"ன்னுவான். வயசானவர்! அப்பவே எனக்கு விளங்கிடுச்சு.

எனக்கு விளங்கினது சரியாப் போச்சு பாருங்க. பனியன் குடுக்கற அன்னிக்கு எல்லாரையும் வரிசையில நிக்க வெச்சாரு. சாலமனுக்குப் பத்து. எனக்குப் பதினாறு. பதினாறு சார்! அப்படி ஒரு நம்பரையே நான் அதுவரைக்கும் முதுகுல பாத்தது கிடையாது. அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல. அவன் அந்தப் பனியனை மடிச்சுத் தலைகாணி கீழ வெச்சுக்கினு நிம்மதியாத் தூங்கறான். குறட்டை வேற.

முதல் மேட்ச் வெள்ளைப் பனியன்காரனுங்களோட. நாட்டுப் பேரெல்லாம் உங்க காகிதத்துல இருக்கும், எனக்குக் கலருதான் ஞாபகம். ஆறு கோல் வாங்கினோம். ரெண்டாவது பச்சை. அஞ்சு. மழை வேற. எங்க கோல்கீப்பர் ஆட்டம் முடிஞ்சு அப்படியே சேத்துல உக்காந்துட்டான், நாலு பேர் தூக்கினு வந்தோம். ரெண்டு மேட்சும் பத்தாம் நம்பரைப் போட்டுக்கினு இவன் இன்னா கிழிச்சான்? ஒண்ணியும் இல்ல. ஓடினான், ஓடினான், ஓடிக்கினே இருந்தான். ஓடறதுக்குப் பத்தாம் நம்பர் எதுக்கு?

மூணாவது சிவப்பு. அன்னிக்குப் பத்தாம் நம்பர் என் முதுகுல இருந்துச்சு. அவன் பதினாறு.

எப்படின்னா... மாறிப் போச்சு சார். சொன்னேனே, எங்க ஏரியாவுல பனியன் மாறுறது சகஜம். மூட்டைன்னா மாறத்தான் செய்யும். அங்க மூட்டை இல்லைதான். ஆனாலும் மாறிடுச்சு. அதை வுடுங்க, கோலுக்கு வாங்க.

மூணு வாங்கிட்டோம். எழுபது நிமிஷம் ஆயிடுச்சு. சிவப்புக்காரனுங்க சிரிச்சிக்கினே ஆடறானுங்க. அப்ப நடு லைன்கிட்ட பந்து ஒண்ணு சும்மா உருண்டு வந்துச்சு. நான் ஓட ஆரம்பிச்சுட்டேன். பின்னாடி திரும்பிக்கூடப் பாக்கல. ரெண்டு தடுப்பாளுங்களுக்கு நடுவுல ஒரு ஆள் போற இடம் இருந்துச்சு, அங்க பந்து வந்து விழுந்துச்சு, கரெக்டா என் இடது காலுக்கு முன்னாடி. நிறுத்தல. அப்படியே வெச்சேன். கோல்கீப்பர் வலப் பக்கம் படுத்தான், பந்து இடப் பக்கம். வலை ஆடறதைப் பாத்தேன் சார். வெளிநாட்டுல, இந்தியாவுக்காக, என் கால்லேர்ந்து போன பந்து வலையில கிடக்குது. இப்பவும் கண்ணை மூடினா அந்த வலை ஆடும்.

பந்து யார் குடுத்தாங்கன்னா கேக்கறீங்க? அது இப்ப ரொம்ப முக்கியமா?

அவன்தான். சாலமன்தான். வேற யாருக்கு நான் எங்க ஓடுவேன்னு தெரியும்?

ஓடி வந்து என்னைக் கட்டிப் புடிச்சான். "மச்சான், மச்சான்"னு கத்தறான். நான் தள்ளி விட்டேன். கோல் போட்டவன் நான், நீ ஏன் கத்தற? அப்ப மேல ஸ்பீக்கர்ல ஒரு பொண்ணு குரல் வருது. ஏதோ சொல்லுது. எனக்கு ஒண்ணும் புரியல, மூணே வார்த்தை புரிஞ்சுது. "நம்பர் டென். சாலமன்."

நான் போட்ட கோலுக்கு அவன் பேரு சார்.

எந்த நம்பரு யாருதுன்னு முன்னாடியே காகிதத்துல எழுதிக் குடுத்துடுவாங்கன்னு அன்னிக்குத்தான் தெரியும் எனக்கு. ஆளை எவனும் பாக்கல. பத்துன்னா சாலமன். முடிஞ்சு போச்சு. ஆட்டம் முடிஞ்சதும் மேனேஜர்கிட்ட ஓடினேன். எனக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. நெஞ்சுல குத்திக் காட்டினேன், காலைத் தூக்கிக் காட்டினேன், முதுகைத் திருப்பிக் காட்டினேன். அவர் சிரிச்சிக்கினே என் தலையைத் தடவி, மதராசி, கோல், ஷாபாஷ்னுட்டு காகிதத்துல கையெழுத்துப் போட்டுட்டாரு. அவருக்கு எந்த மதராசி போட்டா இன்னா? பக்கத்துல சாலமன் நிக்கறான். அவனும் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்றான். இன்னா சொன்னானோ. எனக்கு ஒரு கோல் போச்சு, அவ்ளோதான் தெரியும்.

ஊருக்கு வந்தோம். சென்ட்ரல்ல மேளம். நம்ம தெருவே வந்து நிக்குது. பேப்பர்ல வந்திருக்குதாம், சாலமன் கோல் போட்டான்னு. தூக்கிட்டானுங்க அவனை. மாலை, ஆட்டம், பாட்டம். அவன் மேலேர்ந்து வாயைத் திறந்தானா? ஒரு வார்த்தை, "நான் இல்லடா, எத்திராஜ்"னு சொன்னானா? கையை நீட்டி நீட்டி என் பக்கம் காட்டி ஏதோ சொல்லிக்கினுதான் இருந்தான், மேளச் சத்தத்துல எவனுக்குக் கேக்கும்? சொல்றவன் மேளத்தை நிறுத்தச் சொல்லிட்டுச் சொல்லணும். நான் பெட்டியை எடுத்துக்கினு வேற வழியா வெளிய வந்து பஸ் ஏறிட்டேன். ஜன்னல் வழியா அந்தக் கூட்டம் தெரியுது. வயிறு எரிஞ்சுது சார். சொல்றதுக்கு இன்னா வெக்கம், பத்திக்கினு எரிஞ்சுது.

அப்பால அவன் எங்க வீட்டுக்கு வந்தான். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. வந்து சும்மா வெளிய நிப்பான். நான் உள்ளேர்ந்து தாழ்ப்பாள் போட்டுட்டேன். எங்க அம்மா, "பாவம்டா, அந்தப் புள்ள வெயில்ல நிக்குது"ன்னாங்க. நிக்கட்டும். கோலையும் எடுத்துக்கினு நிழலும் வேணுமா அவனுக்கு?

நாலாவது தடவை அவன் வரல, தங்கச்சியை அனுப்பினான். கையில ஒரு பெரிய கவர். "அண்ணன் இதைப் படிச்சுட்டுக் கையெழுத்து போட்டுத் தரச் சொல்லிச்சு"ன்னா. நான் அந்தக் கவரைப் பிரிக்கல. அவ கண்ணு முன்னாடியே நாலாக் கிழிச்சுக் கால்வாய்ல போட்டேன். பொண்ணு அழுதுக்கினே போச்சு.

உள்ள இன்னா இருந்துச்சா? படிச்சாத்தானே தெரியும். ஏதாவது நன்னடத்தை சர்ட்டிபிகேட்டா இருக்கும். இவன் நல்லவன்னு நான் கையெழுத்து போடணுமாம்.

அந்த வருஷமே ஒரு பெரிய ஆபீஸ்ல ஆட்டக்காரங்களை வேலைக்கு எடுத்தாங்க. போய்ச் சேந்துட்டான். அந்தக் கோலை வெச்சுத்தான் வேலை. வேற இன்னா? எனக்கும் இன்டர்வியூ கார்டு வந்துச்சு சார், இல்லன்னு சொல்லல. ரெண்டு பேருக்கும் ஒரே நாள், ஒரே நேரம். நான் போகல. அவன் போற ஆபீசுக்கு நான் எதுக்குப் போவணும்? அவன் பேரை முதல்ல கூப்பிடுவானுங்க, நான் பின்னாடி உக்காந்திருக்கணுமா? அதோட சரி. பந்தைத் தொடல. பத்தொம்பது வயசுல நிறுத்தினேன், இன்னி வரைக்கும் தொடல. பந்து உருண்டு காலுகிட்ட வந்தாக்கூட கையால எடுத்துக் குடுத்துடுவேன்.

இவ்ளோ பண்ணவன் சும்மாவாவது இருந்தானா? வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு கேக் வருது அவன் வீட்லேர்ந்து. நான் தொட மாட்டேன். என் வீட்டுக்காரி வேதவல்லி வாங்கி வெச்சிக்குவா, புள்ளைங்க துன்னும். கடைசியா ஒரு துண்டு காஞ்சு போயி கிடக்கும், சோத்தை வீணாக்கக் கூடாதேன்னு அதை மட்டும் வாயில போட்டுக்குவேன். நல்லா இருக்காது. முந்திரி மட்டும் பரவாயில்ல.

அவகூட ஒரு நாள் கேட்டா. "ஏன்யா, ஒரு கோலு. அதுவும் தோத்துப்போன மேட்சு. அந்த அண்ணன் எதிர்ல வந்தா தலையைக் குனிஞ்சுக்கினு போவுது. நீ இன்னாத்தைக் கட்டிக்கினு அழற?" அவளுக்கு அவன் அண்ணன்! என்கூட குடும்பம் நடத்திக்கினு அவனுக்குப் பரிஞ்சு பேசறா. ரெண்டு நாள் அவகூடப் பேசல நான். ஒரு கோலுன்னு ஈஸியா சொல்றாங்க சார். நூறு கோல் போட்டவனுக்கு அது ஒரு கோலு. எனக்கு நாட்டுக்காகப் போட்டது அது ஒண்ணுதானே? என் பேரு எங்கயாவது அச்சுல இருக்குதுன்னா அது அங்க ஒண்ணுதான் இருக்கணும். என் பேரன் போன்ல தேடிப் பாத்துட்டு, "தாத்தா, உன் பேரு இல்லியே, பொய் சொல்றியா?"ன்னான். ஆறு வயசு. அவன்கிட்ட நான் இன்னா சொல்றது, சொல்லுங்க.

இன்னா சார், பையைத் திறக்கறீங்க? கிளம்பிட்டீங்களா?

இது இன்னா காகிதம்? நீங்களே படிங்க, கண்ணாடி கொண்டு வரல நான்.

யார் குடுத்தது? சாலமனா? கார்பன் காப்பியா. கிழிச்சது போக அவன்கிட்ட இன்னொண்ணு இருந்துச்சா. ம். படிங்க.

நில்லுங்க, நில்லுங்க. அந்த வரியை இன்னொரு தடவை படிங்க. 'மூன்றாவது ஆட்டத்தில் கோல் அடித்தவர் எனது நண்பர் எத்திராஜ் ஆவார். பத்தாம் எண் என் பெயரில் பதிவாகியிருந்ததால் தவறு நேர்ந்தது. திருத்தம் செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.' யாருக்கு எழுதினது? ஃபுட்பால் சங்கத்துக்கா? கீழ ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாத்தான் மாத்துவோம்னு அவங்க சொல்லியிருக்காங்களா. ஒரு கையெழுத்து இருக்கு. இன்னொரு இடம் காலியா இருக்கு.

தேதி போட்டிருக்கா?

ஜூலை எட்டு. எந்த வருஷம் ஜூலை? அதே வருஷமா? நாங்க சென்ட்ரல்ல வந்து இறங்கினது ஜூன் கடைசி சார்.

கொஞ்சம் இருங்க. எண்ணிப் பாக்கறேன்.

பத்து நாள்தான் ஆயிருக்கு. பத்தாவது நாளே டைப் அடிக்கற இடத்துக்குப் போயி அடிச்சுட்டு வந்திருக்கான். வீட்டு வாசல்ல மூணு தடவை இதுக்குத்தான் நின்னானா? நான் தாழ்ப்பாளைப் போட்டுக்கினு உள்ள உக்காந்திருந்தேன். ஒரு கையெழுத்து சார். கிழிக்காம பிரிச்சிருந்தா... அந்தச் சின்னப் பொண்ணு வேற அழுதுக்கினு போச்சு.

இப்பவும் போடலாமா? போட்டா நீங்க மாத்திடுவீங்களா? சாலமன் பேரை அடிச்சுட்டு என் பேரா? பேனா குடுங்க. எங்க போடணும்? இங்கயா?

இருங்க, நடுவுல ஒரு வரியைத் தாண்டிட்டீங்களே. விரல் வெச்சு மறைச்சுக்கினு படிச்சீங்க, பாத்தேன். அதையும் படிங்க.

'பனியன் எனக்கு மிகவும் இறுக்கமாக இருந்த காரணத்தால், நானே எத்திராஜிடம் கேட்டு மாற்றிக்கொண்டேன்.'

பொய்!

சுத்தப் பொய் சார். அப்ப அவன் என்னை விட ஒல்லி. பத்தாம் நம்பர் அவனுக்கு முழங்கால் வரைக்கும் தொங்கும். இறுக்கமாம்! அவனா கேட்டான்? அவன் கேக்கவே இல்ல. நான் சொல்றேன் கேளுங்க. எங்கயும் சொன்னது கிடையாது, வேதவல்லிக்குக்கூடத் தெரியாது.

மூணாவது மேட்ச் அன்னிக்கு டிரஸ் மாத்தற ரூம்ல உக்காந்து ஷூ கட்டிக்கினு இருந்தான். பனியன் அவன் மடியில இருந்துச்சு. நான் நேராப் போயி புடுங்கினேன். "மேனேஜர் பெட்டியைத் தூக்கித்தானேடா இந்த நம்பரை வாங்கின? கோல் போடத் தெரியாத நாயி, உனக்கெல்லாம் பத்தா?"ன்னு கேட்டேன். எல்லாரும் பாத்துக்கினு இருக்கானுங்க, பாஷை தெரியலன்னாலும் புரியுமே. அவன் தரையில கிடந்த என் பதினாறை எடுத்து உதறிப் போட்டுக்கினான். "போட்டுக்கோ மச்சான், ஒரு கோலாவது போடு"ன்னான். அவ்ளோதான். அப்பால கிரவுண்டுல இறங்கி அந்தப் பந்தைக் குடுத்தான்.

இப்ப சொல்லுங்க, இது மாறிப் போச்சா, புடுங்கினதா?

என் மானத்தைக் காப்பாத்தறானாம். பத்தொம்பது வயசுலயே யோசிச்சு ஒரு பொய்யை டைப் அடிச்சு வெச்சிருக்கான். நான் கீழ ஒரு கையெழுத்து போட்டுட்டு கோலை வாங்கிக்கினு போவணும், அவன் நல்லவனா மேல நிக்கணும். எப்பவும் அவன்தான் மேல! அவன் குடுத்த பந்துல கோல் போட்டேன், சரி, அது ஆட்டம். அவன் சொன்ன பொய்யில எனக்கு ஒண்ணும் வேணாம்.

காரணம் உங்க ரெக்கார்டுக்குத் தேவையில்லையா? எனக்குத் தேவை சார். வெள்ளைத் தாள் இருக்கா? நான் சொல்றேன், நீங்க எழுதுங்க, என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்.

எழுதுங்க. 'சாலமன் எழுதிய காரணம் தவறு. அவருடைய பத்தாம் எண் பனியனை எத்திராஜ் ஆகிய நான்தான் அவர் கையிலிருந்து பிடுங்கிப் போட்டுக்கொண்டேன்.' போட்டாச்சா? 'பொறாமையால்' அப்படின்னு சேத்துக்குங்க. ஆமா சார், அந்த வார்த்தையேதான். இன்னா முழிக்கறீங்க? தப்பில்லாம எழுதுங்க. 'எழுபத்தோராவது நிமிடத்தில் கோல் போட்டவன் நான்.'

பந்து குடுத்தது யாருன்னு போடறதுக்கு உங்க ரெக்கார்டுல இடம் இருக்கா? இல்லையா? நல்லதாப் போச்சு.

சரி, இந்தத் தாள்ல இடம் இருக்குல்ல? போடுங்க, 'பந்து கொடுத்தது சாலமன்.' அது உண்மைதானே. உண்மையை எழுதும்போது பாதியை மட்டும் எழுத முடியுமா?

குடுங்க, இப்ப போடறேன். எ. எத்தி. ராஜ். ம், ஆச்சு.

மேடையில மைக்குல கூப்பிடறானுங்க அவனை. பேசப் போறான் போல. போங்க, அவன் பேசி முடிச்சு இறங்கினதும் இதைக் கையில குடுங்க. மைக்குல படிக்க வேணாம், அவன் மட்டும் படிக்கட்டும். நாப்பத்தோரு வருஷமா ஒரு பொய்யைச் சொல்லி என்னை விட நல்லவனா இருந்துட்டான். ரெண்டு பேர்ல உண்மையை எழுதினது எவன்னு இன்னிக்காவது அவனுக்குத் தெரியட்டும்.

பந்தலுக்குள்ள வேணாம், இப்படி வெயில் பக்கமா நிக்க வெச்சுப் படிக்கச் சொல்லுங்க. படிக்கும்போது அவன் மூஞ்சியை நான் இங்கேர்ந்து பாக்கணும். சிரிச்சான்னா எனக்கே தெரிஞ்சிடும், அந்தக் கட்டின பல்லு வெயில்ல மின்னும்.

அழுதான்னா மட்டும் வந்து சொல்லுங்க சார். அது இவ்ளோ தூரத்துல தெரியாது.